முகம் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு

ஜூரர் என்னும் சொல் இன்று மலேசிய, சிங்கப்பூர் இளைஞர் பலருக்குத் திரைப்படத்தில் கேட்ட சொல்லாகவே இருக்கும். சிங்கப்பூரில் 1970-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் மலேசியாவில் 1995-ஆம் ஆண்டிலும் அம்முறை மறைந்துவிட்டது. அதற்கு முன்னர்க் கொலை வழக்கென்றால் உயர்நீதிமன்றத்தில் நீதிபதியோடு எழுவர் அமர்ந்திருப்பர். அவர்கள் சட்டம் பயின்றவர் அல்லர். ஊரில் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்த பொதுமக்கள். சட்டம் இன்னதென நீதிபதி எடுத்துரைப்பார். நடந்தது இன்னதென அவ்வெழுவர் தீர்மானிப்பர். கூண்டில் நிற்பவன் குற்றவாளியா அல்லனா என்னும் சொல் அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இத்தொகை பன்னிரண்டு.

அரசன் கையிலும் அவன் அமர்த்திய நீதிபதி கையிலும் மட்டும் ஒருவன் உயிரை ஒப்படைத்துவிடலாகாது, அவனோடு ஒத்த குடிமக்களே அவனைத் தீர்ப்பிடவேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை. எண்ணம் உயர்ந்ததே. ஆயினும் அதனுள் ஓர் ஐயம் தொடக்கமுதலே உறைந்து கிடக்கின்றது. சாட்சி சொல்வதைக் காதால் கேட்கும் ஜூரர், கூண்டில் நிற்பவனை நாள் முழுதும் கண்ணால் பார்த்துக்கொண்டும் இருக்கின்றனர். அவனுடைய நிறம், முகவெட்டு, உடை, நிற்கும் நிலை ஆகிய எதுவும் வழக்கின் சான்று அன்று. ஆனால் சான்றைவிட நெடுநேரம் கண்முன் நிற்பவை அவையே. தீர்ப்பாவது கேட்டதா, பார்த்ததா?

இவ்வினாவுக்கு மிகுதியாக விடை தேடியவர் அமெரிக்கரே. ஜூரி முறை அந்நாட்டு அரசியலமைப்பில் இடம்பெற்றது. நிற வேற்றுமையோ அந்நாட்டு வரலாற்றோடு பிணைந்தது. இரண்டும் ஒரே அறைக்குள் சந்திக்கும்போது நடப்பவற்றை வேறெந்த நாட்டாரும் இவ்வளவு விரிவாக அளந்து பார்த்ததில்லை.

நாற்காலியில் அமர்ந்தவர் யார்?

1955-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சிகாகோ நகரிலிருந்து மிஸ்ஸிஸிப்பி மாநிலத்து உறவினர் வீட்டிற்கு வந்திருந்தான் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன். கடையொன்றில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று குற்றஞ்சாட்டி, நள்ளிரவில் வீடு புகுந்து அவனைத் தூக்கிச் சென்றனர். சில நாள் கழித்து அவன் உடல் டல்லஹாச்சி ஆற்றில் கிடைத்தது. வெள்ளையர் இருவர்மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது. சிறுவனுக்குப் பாட்டனார் முறையினரான மோஸ் ரைட் என்னும் முதியவர், சம்னர் என்னும் சிற்றூரின் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, தம் வீட்டிலிருந்து பையனைக் கொண்டுபோனவர் இவரே எனக் கைநீட்டிக் காட்டினார். அந்நாளில் அம்மாநிலத்தில் கறுப்பர் ஒருவர் வெள்ளையரைச் சுட்டிக் குற்றம் சொல்வது தம் உயிரைப் பணயம் வைக்கும் செயல்.

பன்னிரு ஜூரரும் வெள்ளையர், பன்னிருவரும் ஆடவர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் தம் முடிவுரையில், அவர்களுடைய ஆங்கிலோ-சாக்ஸன் குருதியை நினைவூட்டியே விடுதலை வேண்டினார். உள்ளே சென்ற ஜூரர் 67 நிமிடங்களில் வெளிவந்து, இருவரும் குற்றவாளிகள் அல்லர் என்றனர். குளிர்பானம் அருந்த நேரம் செலவிடாதிருந்தால் இவ்வளவு நேரமும் ஆகியிராது என்று அவர்களுள் ஒருவர் கூறினார். அடுத்த ஆண்டு ஜனவரியில், விடுதலை பெற்ற இருவரும் பணம் பெற்றுக்கொண்டு, சிறுவனைக் கொன்றது தாங்களே என்று 'லுக்' என்னும் இதழுக்கு விவரமாகச் சொன்னார்கள். ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்திற்காக மறுபடியும் விசாரிக்கலாகாது என்பது விதியாதலின், அவர்களை எவரும் தொட முடியவில்லை.

டல்லஹாச்சி வட்டாரத்து மக்களுள் பெரும்பாலோர் கறுப்பர். அவ்வாறிருக்க, அவருள் ஒருவரேனும் ஜூரர் நாற்காலிக்கு வாராமற் போனது எவ்வாறு? ஜூரராகும் தகுதி வாக்காளர்க்கே உரியது. வாக்காளர் பட்டியலிலோ கறுப்பர் பெயர் இல்லை. வெள்ளையர் மட்டுமே ஜூரராகலாம் என்ற மேற்கு வர்ஜீனியா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1880-ஆம் ஆண்டிலேயே தள்ளிவிட்டது. அதற்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் சம்னர் நீதிமன்றத்தில் நிலை அதுவே. சட்டத்திலிருந்த தடையை நீக்கினால் பட்டியலில் தடை எழுந்தது. பிற்காலத்தில் பட்டியலைத் திருத்தியபோது தேர்வில் எழுந்தது.

தேர்வில் எழுந்த தடை நுட்பமானது. ஜூரராக அழைக்கப்பட்டோருள் சிலரைக் காரணம் கூறாமலே விலக்கும் உரிமை இரு தரப்பு வழக்கறிஞருக்கும் உண்டு. தமக்குப் பகையாக இருப்பார் என்று தோன்றுபவரை விலக்கிக்கொள்வதற்காக ஏற்பட்ட பழைய ஆங்கில வழக்கம் இது. அரசாங்கத் தரப்பினர் பலர் இதனைக் கொண்டு கறுப்பரை ஒருவர்பின் ஒருவராக வெளியேற்றினர். இதனைத் தடுக்குமாறு வேண்டியபோது 1965-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இணங்கவில்லை. 1986-ஆம் ஆண்டில் பேட்ஸன் என்பார் வழக்கிலேதான், நிறத்தைக் கருதி விலக்கலாகாது, ஐயம் எழுந்தால் நிறத்தோடு தொடர்பில்லாத காரணத்தைக் கூறவேண்டும் என்று விதித்தது.

காரணம் கூறவேண்டும் என்றவுடன் காரணங்கள் பிறந்தன. 1995-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கறுப்பர் இருவரை விலக்கியதற்கு அரசாங்க வழக்கறிஞர் சொன்னது யாதெனின், ஒருவருக்கு நீண்ட, வாரப்படாத தலைமயிர். இருவருக்கும் மீசையும் குறுந்தாடியும் என்பது! காரணம் அறிவுக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை, நிறத்தைச் சாராதிருந்தால் போதும் என்று நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. மிஸ்ஸிஸிப்பியில் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்பார் ஒரே குற்றத்திற்காக ஆறு முறை விசாரிக்கப்பட்டார். அந்த ஆறு விசாரணைகளிலும் அரசாங்க வழக்கறிஞர் விலக்கக்கூடியவராயிருந்த கறுப்பர் 42 பேர். அவர் விலக்கியது 41 பேரை. ஆறாம் விசாரணையில், தாம் விலக்கிய கறுப்பர் ஐவரிடம் அவர் கேட்ட கேள்விகள் 145; ஜூரராக அமர்ந்த வெள்ளையர் பதினொருவரிடம் கேட்டவை 12. உச்ச நீதிமன்றம் 2019-இல் அத்தீர்ப்பைத் தள்ளியது. மறு ஆண்டு வழக்கே கைவிடப்பட்டது. அதற்குள் அம்மனிதர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்துவிட்டார். இத்தொல்லையே வேண்டாமென, அரிஸோனா மாநிலம் காரணமின்றி விலக்கும் உரிமையை 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. இங்கிலாந்து அதனை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முன்னமே ஒழித்தது.

வெறுப்பில்லாதவர் செய்யும் பிழை

சம்னர் ஊர் ஜூரரைப் பற்றி ஆராய்ச்சி வேண்டுவதில்லை. அங்கு நடந்தது அப்பட்டமான இனவெறி. ஆராயத்தக்கவர் பிறிதொரு சாரார். யாரையும் வெறுக்காதவர், நேர்மையாக நடக்கவேண்டும் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு அதனை மெய்யாகவே காக்க விழைபவர். அவர்களுடைய தீர்ப்பிலும் நிறம் கலக்கின்றதா?

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கால்வன், ஸைஸல் என்னும் இருவர் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அமெரிக்க ஜூரி' என்னும் நூல் இதற்கு வழிகாட்டியது. 3,576 வழக்குகளில், ஜூரர் தந்த தீர்ப்பையும், ஜூரி இன்றித் தாமே விசாரித்திருந்தால் தந்திருக்கக்கூடிய தீர்ப்பையும் நீதிபதிகளிடமே கேட்டு ஒப்பிட்டனர். நூற்றுக்கு 78 வழக்குகளில் இரண்டும் ஒத்திருந்தன. எஞ்சியவற்றில் வேறுபாடு எங்கே தோன்றியது என்று நோக்கியபோது ஓர் உண்மை புலப்பட்டது. சான்று ஒருபக்கம் வலுவாகச் சாய்ந்திருக்கும் வழக்கில் ஜூரருடைய சொந்த விருப்பு வெறுப்புக்கு வேலையில்லை. சான்று இருபுறமும் ஏறக்குறைய ஒத்து நிற்கும்போதுதான், அடங்கியிருந்த மனச்சாய்வு அவிழ்த்து விடப்படுகின்றது. நகைக்கடைத் தராசின் தட்டுகள் சமமாக நிற்கையில் மூச்சுக்காற்றும் ஒன்றைத் தாழ்த்திவிடுகின்றதன்றோ? மனச்சாய்வுடையவரும், தாம் சான்றை எடைபோட்டதாகவே நம்புவர். அவர் பொய் சொல்லவில்லை. தம் மூச்சை அவர் அறியார், அவ்வளவே.

ஃபுளோரிடா மாநிலத்தில் 2000 முதல் 2010 வரை இரண்டு வட்டாரங்களில் நடந்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட பெருங்குற்ற வழக்குகளை அன்வர், பேயர், ஹ்யால்மார்ஸன் என்னும் பொருளியலார் மூவர் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு வழக்கிற்கும் முதலில் ஒரு திரளான மக்கள் அழைக்கப்படுவர். அத்திரளிலிருந்து ஜூரர் தெரிந்தெடுக்கப்படுவர். அன்றைய திரளில் கறுப்பர் இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் தற்செயலே. தற்செயலாதலின் ஒப்பீடு நேர்மையாகின்றது. திரளில் கறுப்பர் ஒருவரும் இல்லாத நாட்களில், குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டோர் கறுப்பருள் நூற்றுக்கு 81 பேர். வெள்ளையருள் 66 பேர். திரளில் கறுப்பர் ஒருவரேனும் இருந்த நாட்களில் கறுப்பருள் 71, வெள்ளையருள் 73. இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. அழைக்கப்பட்ட அந்தக் கறுப்பர் இறுதியில் நாற்காலியில் அமர்ந்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. திரளில் இருந்ததே வேறுபாட்டை உண்டாக்கிற்று. ஒருவனுடைய சிறைவாசம், அன்று காலை நீதிமன்றத்திற்கு யார் யார் அழைக்கப்பட்டனர் என்பதைப் பொறுத்திருந்தது.

ஏன் இவ்வாறு? உளவியல் அறிஞர் சாமுவேல் ஸாமர்ஸ் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒருவாறு விடை தருகின்றது. ஆறு பேர் கொண்ட மாதிரி ஜூரிகள் பல அமைக்கப்பட்டன. சிலவற்றில் அறுவரும் வெள்ளையர், சிலவற்றில் நால்வர் வெள்ளையரும் இருவர் கறுப்பரும். கறுப்பர் ஒருவர்மீது நடந்த வழக்கின் படச்சுருள் எல்லார்க்கும் காட்டப்பட்டது. கலந்த குழுக்கள் நெடுநேரம் ஆராய்ந்தன. வழக்கின் செய்திகளை மிகுதியாக எடுத்துப் பேசின. தவறான செய்திகளைச் சொன்னது குறைவு. இதில் வியப்பூட்டுவது, அந்த நன்மையைச் செய்தவர் கறுப்பர் மட்டும் அல்லர் என்பதே. கலந்த குழுவிலிருந்த வெள்ளையரே, வெள்ளையர் மட்டும் கூடிய குழுவினரைவிடக் கவனமாகப் பேசினர். அருகில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது ஒருவரைத் தம் நினைவையே இருமுறை சரிபார்க்கச் செய்கின்றது.

அதே அறிஞர் எல்ஸ்வொர்த் என்பாருடன் முன்னர்ச் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. வழக்கில் நிறச்சண்டை வெளிப்படையாகப் பேசப்பட்டால் வெள்ளையர் தம்மைக் காத்துக்கொண்டு நடுநின்றனர். நிறத்தைப் பற்றிய பேச்சே எழாத சாதாரண வழக்கில்தான் கறுப்பரிடம் கடுமை காட்டினர். நிறத்தைப் பேசாதிருந்தால் நிறவேற்றுமை மறைந்துவிடும் என்று நம்புவோர் எந்நாட்டிலும் உளர்; அவர்கள் இச்சோதனையை ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நலம்.

ஒரே நிறத்துக்குள் பல நிறம்

இனத்தைத் தாண்டி, முகத்தளவில் சென்று பார்த்த ஆராய்ச்சிகள் மேலும் கலக்கம் தருவன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை ஜெனிஃபர் எபர்ஹார்ட்டும் அவர் குழுவினரும், ஃபிலடெல்ஃபியாவில் 1979 முதல் 1999 வரை மரண தண்டனைக்குரிய குற்றத்தில் சிக்கிய கறுப்பர்களின் நிழற்படங்களைத் திரட்டினர். அவர் யாரென்று அறியாத மாணவர்களிடம் படங்களைக் காட்டி, ஒவ்வொரு முகமும் எவ்வளவு தூரம் கறுப்பினத்தாருக்குரிய முகமாகத் தோன்றுகின்றது என்று மதிப்பிடச் சொன்னார்கள். தடித்த உதடு, அகன்ற மூக்கு, அடர்ந்த கருமை ஆகியவற்றை வைத்தே மாணவர் மதிப்பிட்டனர். கொலையுண்டவர் வெள்ளையராயிருந்த வழக்குகள் 44. அவற்றில், மதிப்பீட்டில் கீழ்ப்பாதியில் நின்றோருள் மரண தண்டனை பெற்றவர் நூற்றுக்கு 24.4, மேற்பாதியில் நின்றோருள் 57.5. குற்றத்தின் கொடுமை முதலிய பிற காரணங்களைக் கணக்கில் கழித்த பின்னரும் நின்ற வேறுபாடு இது. கொலையுண்டவரும் கறுப்பரேயானால் இவ்வேறுபாடு இல்லை.

எனவே, அந்த ஜூரர் கறுப்பர் எல்லாரையும் ஒரு கூட்டமாக வைத்துத் தீர்ப்பிடவில்லை. அக்கூட்டத்துக்குள்ளும் மூக்கையும் உதட்டையும் பார்த்து வகைப்படுத்தியிருக்கின்றனர். தாம் அவ்வாறு செய்ததை அறியாமலே. நிறத்துக்குள் நிறம் பார்ப்பது தமிழர்க்கும் புதிதன்று. மணமகள் தேடும் விளம்பரங்களைப் படிப்போர் அறிவர்.

டொராண்டோ பல்கலைக்கழகத்து வில்ஸனும் ரூலும் 2015-இல், ஃபுளோரிடாவில் மரண தண்டனை பெற்றவர் 371 பேர், ஆயுள் தண்டனை பெற்றவர் 371 பேர் ஆகியோரின் முகப்படங்களைப் பொதுமக்களிடம் காட்டி, நம்பத்தகுந்த முகம் எது என மதிப்பிடச் செய்தனர். நம்பிக்கை குறைவாகத் தோன்றிய முகங்கள் மரண தண்டனைப் பக்கம் மிகுந்திருந்தன. முகம் பொய் சொல்லாது, கொடியவன் முகம் கொடுமையைக் காட்டியிருக்கலாமே என ஒருவர் மறுக்கலாம். அதற்கும் விடை தேடினர்: தவறாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர்க் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டோர் முகங்களையே எடுத்துப் பார்த்தனர். அவற்றிலும் அதே தொடர்பு. குற்றமே செய்யாதவர் முகத்தில் எந்தக் கொடுமை எழுதியிருக்கும்?

அழகு எப்பொழுதும் காக்கும் என்றும் எண்ணவேண்டா. ஸிகால், ஆஸ்ட்ரோவ் என்னும் இருவர் 1975-இல் 120 பேரிடம் ஒரு பெண் செய்த குற்றத்தை விவரித்து, அவளுக்கு எத்தனை ஆண்டுச் சிறை தகும் என்று வினவினர். சிலர்க்கு அழகியின் படம், சிலர்க்கு அழகற்றவள் படம். குற்றம் வீடு புகுந்து திருடியதாயின் அழகிக்குச் சராசரி 2.8 ஆண்டும் மற்றவளுக்கு 5.2 ஆண்டும் விதித்தனர். ஆனால் குற்றம் ஆடவன் ஒருவனை நயமாகப் பேசி ஏமாற்றிப் பணம் பறித்ததாயின் கணக்குத் தலைகீழாயிற்று: அழகிக்கு 5.45, அழகற்றவளுக்கு 4.35. அழகே அவள் கருவியாயிற்று என்று அவர்கள் கருதினர் போலும்.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை நினைவுக்கு வராமற் போகாது. பொற்கொல்லன் அழைத்துவந்த காவலர் கோவலனைப் பார்த்ததும், இவன் தோற்றத்தைக் கண்டால் கொலைக்குரிய கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகின்றனர். முகம் பார்த்து அவர்கள் சொன்ன அத்தீர்ப்பு அன்று சரியாகவே இருந்தது. பொற்கொல்லன் என்ன செய்கிறான்? நகைத்து, கள்வர் கைக்கொள்ளும் மந்திரம், தெய்வம், மருந்து முதலியவற்றை வரிசையாக எடுத்துரைத்து, தோற்றத்தை நம்புவோரே ஏமாறுவோர் என்னும் எண்ணத்தை அவர் நெஞ்சில் ஊன்றிவிடுகிறான். கோவலனைக் காத்துக்கொண்டிருந்த நல்ல தோற்றமே அவனுக்கெதிரான சான்றாக மாறிவிடுகின்றது. ஸிகால் ஆஸ்ட்ரோவ் ஆகியோரின் கணக்கும் இதுவே. காதிற்கு ஒரு கதை கிடைத்தவுடன் கண் தான் கண்டதற்குப் புதுப்பொருள் கொள்கின்றது.

இத்தகைய மாதிரிச் சோதனைகளை அளவுக்கு மீறி நம்புதல் தகாது. ஒரு பக்கக் கதையைப் படித்து ஆண்டுக் கணக்குச் சொல்பவர், மனிதன் ஒருவன் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு பல நாள் அமர்ந்திருக்கும் ஜூரர் ஆகார். பென்ஸில்வேனியா மாநில நீதிமன்றங்களில் 74 பேர் வழக்கை நேரில் இருந்து கவனித்த ஸ்டூவர்ட் என்பார் 1980-இல் கண்டது சற்று வேறானது. முகத்தோற்றம், குற்றவாளியா அல்லனா என்னும் முடிவோடு தொடர்பு கொள்ளவில்லை. தண்டனையின் அளவோடுதான் தொடர்பு கொண்டது. தோற்றப் பொலிவு குறைந்தோர் நீண்ட தண்டனை பெற்றனர். அம்மாநிலத்தில் இத்தகைய வழக்குகளில் தண்டனையை விதிப்பவர் ஜூரர் அல்லர், நீதிபதிகள்!

இங்கிலாந்தின் செய்தியும் எண்ணத்தக்கது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியை செரில் தாமஸ் 2010-இல் அரசாங்கத்திற்கு அளித்த அறிக்கைக்காக, நாட்டிங்ஹாம், வின்செஸ்டர் நகரங்களில் உண்மையான ஜூரர்களைக் கொண்டே, குற்றஞ்சாட்டப்பட்டவர் இனத்தை மட்டும் மாற்றி ஒரே வழக்கைப் படமாகக் காட்டினார். வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரிகளும் இனம் பார்த்துத் தீர்ப்பு மாற்றவில்லை. 68,000 தீர்ப்புகளின் பதிவுகளும் அதையே காட்டின. 2017-ஆம் ஆண்டு லாமி அறிக்கையும், நீதித்துறையின் பிற படிகளில் ஏற்றத்தாழ்வு கண்டபோதிலும் ஜூரியின் தீர்ப்பில் காணவில்லை. ஆதலால் மனச்சாய்வு ஜூரி முறையின் பிறவிக்குணம் என்பதற்கில்லை. அமெரிக்காவில் ஜூரரைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே இனம் புகுந்துகொண்டது. இங்கிலாந்திலோ பெயர்கள் குருட்டாம்போக்காக எடுக்கப்படுகின்றன, விலக்கும் உரிமையும் இல்லை. இவ்வேறுபாடு மட்டுமே காரணம் என அறுதியிட முடியாவிடினும், சிறிய வேறுபாடு அன்று.

சிங்கப்பூர் எடுத்த முடிவு

சிங்கப்பூர் வேறு வழியிற் சென்றது. 1950-ஆம் ஆண்டு டிசம்பரில் மரியா ஹெர்ட்டோக் வழக்கையொட்டி எழுந்த கலவரத்தில் 18 பேர் மாண்டனர். பேருந்தில் சென்ற பிரிட்டிஷ் விமானப்படையினர் ஒருவரைக் கொன்றதாக முஸ்லிம்கள் நால்வர்மீது வழக்கு நடந்தது. அவர்களுக்காக வாதாட அமர்த்தப்பட்டவர், 1951-இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றிருந்த லீ குவான் யூ. மங்கிய வெளிச்சத்தில் சாட்சிகள் அடையாளம் கண்டது உறுதியா என்னும் ஐயத்தை ஜூரர் உள்ளத்தில் எழுப்பினார். அவர்களுடைய விருப்பு வெறுப்புகளையும், நால்வர் உயிரைப் பறிக்கும் பொறுப்பை ஏற்க இருந்த தயக்கத்தையும் பயன்படுத்தினார். கொலைக்குற்றத்திலிருந்து நால்வரும் விடுபட்டனர். வென்ற வழக்கறிஞரோ மகிழவில்லை. இம்முறை சிங்கப்பூருக்கு ஏற்றதா என்னும் ஐயம் அன்றே எழுந்தது என்று, 1998-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் அவரே எழுதியுள்ளார். 1959-இல் பிரதமரான சிறிது காலத்தில் மரண தண்டனை வழக்குகள் தவிர ஏனையவற்றில் ஜூரியை நீக்கினார். 1969 இறுதியில் அவற்றிலும் நீக்கும் சட்டம் நிறைவேறியது. புகழ்பெற்ற வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் கடுமையாக எதிர்த்தார். கொலை வழக்கு நூற்றில் தொண்ணூற்றொன்பதை வென்றதாக மார்ஷல் கூற, அத்தொண்ணூற்றொன்பது பேரும் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரா என்று பிரதமர் கேட்டார். அவர்களுக்காக வாதாடுவதே தம் கடமை, தீர்ப்பிடுவது அன்று என்பது மார்ஷலின் விடை.

அதன்பின் மரண தண்டனை வழக்குகளை இரு நீதிபதிகள் விசாரித்தனர், 1992-லிருந்து ஒருவரே. மலேசியாவில் ஜூரர் தீர்ப்பளித்த இறுதி வழக்குகளுள் ஒன்று, தெமர்லோ உயர்நீதிமன்றத்தில் 1995 பிப்ரவரியில் முடிந்த மோனா ஃபெண்டி வழக்கு. அவ்வழக்கு நடந்த நாட்களில் சாட்சியத்தோடு, அப்பெண் அணிந்து வந்த பகட்டான ஆடைகளும் அவர் முகத்துப் புன்னகையும் செய்தித்தாள்களில் இடம்பெற்றதைப் பலர் நினைவில் வைத்திருப்பர்.

ஜூரரை அனுப்பிவிட்டால் கண்ணும் போய்விடுமா? டெக்ஸாஸ் மாநிலத்தில் நீதிபதிகள் விதித்த அபராதங்களை டவுன்ஸ், லயன்ஸ் ஆகியோர் ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டனர். சிறு குற்றங்களில், தோற்றப் பொலிவுடையோர் குறைந்த தொகையே கட்டினர். பெருங்குற்றங்களில் அத்தொடர்பு இல்லை. நீதிபதிக்கும் ஜூரருக்கும் உள்ள மெய்யான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. நீதிபதி காரணம் எழுதவேண்டும். அக்காரணத்தை மேல்முறையீட்டில் கிழித்துப் பார்க்கலாம். ஜூரர் ஒரு சொல்லோடு எழுந்து போய்விடுவர். அவர் அறைக்குள் பேசியது வெளிவரலாகாது என்பது பழைய விதி. மெக்ஸிக்கோ நாட்டு ஆடவர் இத்தகைய செயல்களைச் செய்பவரே என்று ஜூரர் ஒருவர் அறைக்குள் சொன்னது வெளிவந்த பின்னரே, 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனவெறிப் பேச்சுக்கு மட்டும் அவ்விதியைத் தளர்த்தியது. எழுதிய காரணத்திலும், உள்ளத்திலிருந்த காரணம் எழுதப்படாமல் தங்கிவிடுவதுண்டு. ஆயினும் ஏதுமில்லாததற்கு அது மேல்.

அளவுக்கு மீறிய நீதி

கணக்கும் நீதியும் நேருக்கு நேர் நின்றது வாரன் மக்கிளெஸ்கி வழக்கில். 1978-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் கடையொன்றைக் கொள்ளையிட்டபோது வெள்ளையரான காவல் அதிகாரியைக் கொன்ற குற்றத்திற்காக, வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் ஒருவரும் அடங்கிய ஜூரி அக்கறுப்பருக்கு மரணம் விதித்தது. மேல்முறையீட்டில் அவர் தரப்பு, பேராசிரியர் டேவிட் பால்டஸ் குழுவினரின் ஆராய்ச்சியைக் கொண்டுவந்து வைத்தது. 1970-களில் அம்மாநிலத்தில் நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை, இருநூற்றுக்கு மேற்பட்ட கூறுகளாகப் பகுத்து ஆராய்ந்தது அது. கொலையுண்டவர் வெள்ளையராயின் நூற்றுக்கு 11 வழக்கில் மரண தண்டனை; கறுப்பராயின் நூற்றுக்கு 1. பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும், வெள்ளையரைக் கொன்றவர் மரணம் பெறும் வாய்ப்பு 4.3 மடங்காக நின்றது.

1987-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் முறையீட்டைத் தள்ளியது. கணக்குப் பொய் என்று தள்ளவில்லை. கணக்குச் சரியென வைத்துக்கொண்டே, இந்த ஜூரி இந்த மனிதரை நிறத்துக்காகத் தண்டித்தது என்பதை அது மெய்ப்பிக்கவில்லை என்று தள்ளியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல் இன்னொன்றும் சொன்னார். இதனை ஏற்றால் நாளை வேறு பலரும் இத்தகைய கணக்கோடு வருவர். குற்றஞ்சாட்டப்பட்டவரின் முகவெட்டையும் அழகையும் காட்டிக்கூட ஒருவர் வழக்காடலாம் என்று அஞ்சினார். முகம் பார்த்துத் தண்டிக்கும் வழக்கம் இருப்பதை அறிந்தே, அறிந்ததனாலேயே, அக்கதவைச் சாத்தினார். மறுத்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி பிரென்னன், இஃது அளவுக்கு மீறி நீதி கிடைத்துவிடுமோ என்னும் அச்சம் என்றார்.

பவல் அவ்வாண்டே பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். தாம் அளித்த வாக்குகளுள் எதனையேனும் மாற்ற விரும்புவாரா என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் பின்னாளில் வினவியபோது, அவர் சொன்ன பெயர் மக்கிளெஸ்கி. 1991-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மக்கிளெஸ்கி மின்சார நாற்காலியில் இறந்தார்.